ஜாஸ் இசையும் ஓவியமும்: உருவத்தின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

கலைகள் தத்தமக்கெனத் தனித்தனி ஊடகங்களைக் கொண்டவை. இசை ஒலியாலானது, காலத்திலே நிகழ்ந்து காலத்திலே மறைவது. ஓவியம் வண்ணத்தாலும் கோட்டாலும் ஆனது. ஓரிடத்திலே நிலைத்து நிற்பது. 1766ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் லெசிங், 'லவோகூன்' என்னும் தமது நூலிலே, கவிதையைக் காலத்திற்குரிய கலையென்றும் ஓவியத்தை இடத்திற்குரிய கலையென்றும் வகுத்துக் காட்டினார். அன்றுதொட்டு இவ்வேறுபாடு அழகியலாளரிடையே தொடர்ந்து பேசப்பட்டு வந்துள்ளது. ஆயினும் கலைகளின் வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வெல்லையைக் கடக்கக் கலைஞர்கள் பல காலங்களிலும் முயன்றமை தெரியவரும். இந்தியாவிலே இராஜஸ்தான், தக்காணம் முதலிய பகுதிகளில் வளர்ந்த இராகமாலா ஓவிய மரபு இதற்கு நல்லதோர் உதாரணமாகும். இராகமொன்றின் உணர்வுநிலையை நாயகன், நாயகி, பருவம், பொழுது ஆகியவற்றின் வாயிலாக அவ்வோவியங்கள் உணர்த்தின.

இருபதாம் நூற்றாண்டில் இம்முயற்சி புதியதொரு திசையிற் சென்றது. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஜாஸ் இசையைக் கேட்டு, அதனின்றும் தூண்டுதல் பெற்று ஓவியம் படைத்தோர் பலர். அவருட் சிலர் இசையின் உணர்வை மட்டுமன்றி, அதன் கட்டமைப்பையே வண்ணத்திற் கொணர முனைந்தனர். இசையைக் கேட்கும் ஓவியன் அதிலிருந்து எதனைப் பெற்றுக்கொள்கிறான்? பெற்றுக்கொண்டதை எவ்வாறு கண்ணுக்குரியதாக மாற்றுகிறான்? அவ்வாறு மாற்றும்போது, அவ்விசையை ஆக்கிய மக்களின் வாழ்வு அவ்வோவியத்திலே எஞ்சி நிற்கின்றதா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவை ஓவியத்தோடு மட்டும் நின்றுவிடும் வினாக்கள் அல்ல. ஈழத்துத் தமிழிலக்கிய உலகிலே உருவம், உள்ளடக்கம் ஆகியன பற்றிப் பல்லாண்டுகளாக நிகழ்ந்த விவாதங்களை வாசகர் நன்கறிவர். உள்ளடக்கம் சமூகத்திலிருந்து வருவது, உருவமோ கலைஞனின் தனிப்பட்ட கைவண்ணம் என்ற எண்ணம் அவ்விவாதங்களில் இரு சாராரிடையேயும் ஓரளவு காணப்பட்டது. ஒரு சாரார் அதனாலேயே உருவத்தை ஐயுற்றனர்; மறு சாரார் அதனாலேயே உருவத்தைப் போற்றினர். ஜாஸ் இசையின் வழிப் பிறந்த ஓவியங்களை ஊன்றி நோக்குவோர் இவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்யவேண்டியவராவர். உள்ளடக்கத்தைப் போலவே உருவத்திற்கும் ஒரு சமூக வரலாறு உண்டு என்பதை அவை புலப்படுத்துகின்றன.

2

ஓவியங்களை நோக்குமுன் ஜாஸ் இசையின் இயல்பினைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் 1865ஆம் ஆண்டிலே சட்டப்படி விடுதலை பெற்றனர். ஆனால் நிலமோ அரசியல் உரிமையோ உறுதிப்படாத அவ்விடுதலை, அவர்களுட் பெரும்பாலோரைப் பருத்தி வயல்களிலேயே குத்தகைக்காரராகவும் கூலிகளாகவும் விட்டுவைத்தது. வயல்களிலும் இருப்புப்பாதை வேலைகளிலும் பாடப்பட்ட தொழிற்பாடல்கள், தேவாலயங்களில் எழுந்த பக்திப் பாடல்கள், தனிமனிதத் துயரை உரைத்த 'புளூஸ்' பாடல்கள் ஆகியன ஒருபுறமும், ஐரோப்பியப் பித்தளை வாத்தியக் குழுக்களின் மரபும் 'ராக்டைம்' எனப்பட்ட பியானோ இசையும் மறுபுறமுமாகக் கலந்தமையால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே ஜாஸ் உருப்பெற்றது.

இவ்விசையின் சிறப்பியல்புகளுள் மூன்று நமது ஆய்வுக்கு இன்றியமையாதவை. முதலாவது, தாள அழுத்தம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாது அதற்குச் சற்று முன்னரோ பின்னரோ விழுதல். சீரான அடிப்படைத் தாளமொன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்க, அதனோடு முரண்பட்டும் இணைந்தும் மெட்டு நகர்கின்றது. இரண்டாவது, அழைப்பும் மறுமொழியும் என்ற அமைப்பு. ஒரு குரல் அல்லது ஒரு வாத்தியம் வினவ, மற்றவை விடை கூறுகின்றன. பன்னிரு தாளக் கட்டங்களைக் கொண்ட புளூஸ் பாடலில் முதலடி பாடப்பட்டு, அதுவே மீண்டும் பாடப்பட்டு, மூன்றாம் அடி அதற்கு விடைபோல் அமையும். ஒவ்வோரடியும் தனக்குரிய கட்டங்களை முழுவதும் நிரப்பாது இடம் விட்டு நிற்கும். அவ்விடத்திலே வாத்தியம் பேசும். மூன்றாவது, வாசிக்கும் வேளையிலேயே புதிதாகக் கற்பனை செய்தல். இராக ஆலாபனையையும் கற்பனாஸ்வரத்தையும் கேட்டுப் பழகிய நமக்கு இம்மனோதர்மம் அந்நியமானதன்று. எனினும், வாத்தியக்காரர் பலர் ஒரே வேளையில் ஒருவரையொருவர் கேட்டவாறே தத்தம் கற்பனையை நிகழ்த்துதலை ஆரம்பகால ஜாஸ் இசையிற் சிறப்பாகக் காணலாம்.

இவ்வியல்புகள் வெறும் இசை நுட்பங்கள் அல்ல. தொழிற்பாடலிலே ஒருவன் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் சேர்ந்து விடை பாடுவர். அடிகளுக்கிடையே குரல் ஓயும் இடத்திலேதான் கோடரியோ சம்மட்டியோ வந்து விழும். பாடலின் மௌனம் தொழிலின் ஓசைக்குரிய இடமாயிருந்தது. உழைப்பு மேற்பார்வையாளனின் கட்டளைப்படி நடந்தாலும், அவ்வுழைப்பின் கதியை ஒழுங்குபடுத்தியது உழைப்போரின் பாடலேயாகும். ஜாஸ் இசையில் இடைவெளி பெறும் முக்கியத்துவத்தின் வேர்களுள் ஒன்று இங்கே உள்ளது எனலாம். இதனை மனங்கொண்டால், பின்னர் ஓவியர்கள் இவ்விடைவெளியை எவ்வாறு கையாண்டனர் என்பது தெளிவாகும்.

இன்னொரு செய்தியும் இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. ஜாஸ் என்னும் பெயரோடு முதன்முதல் 1917இல் இசைத்தட்டு வெளியிட்டோர் வெள்ளையர் ஐவரைக் கொண்ட குழுவினராவர். ஆக்கியோர் ஒருவர், அறியப்பட்டோர் மற்றொருவர் என்ற நிலை இவ்விசையின் பதிவு வரலாற்றின் முதற்பக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. இசைத்தட்டு ஒலியை அதனை எழுப்பியோரிடமிருந்து பிரித்து எங்கும் கொண்டுசெல்ல வல்லது. ஓவியர் பலர் ஜாஸைக் கேட்டது இவ்விசைத்தட்டின் வாயிலாகவே என்பதை மறத்தலாகாது.

3

1910களில் தொடங்கி 1970வரை ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களிலிருந்து வடக்கின் தொழில் நகரங்களுக்கும் மேற்கிற்கும் பெயர்ந்தனர். இப்பெயர்ச்சியின் தலையாய மையங்களுள் ஒன்று நியூ யோர்க்கின் ஹார்லெம் பகுதியாகும். 1920களில் அங்கே இலக்கியமும் இசையும் ஓவியமும் ஒருங்கே மலர்ந்தன. அம்மலர்ச்சியின் முரண்பாட்டையும் அங்கேயே காணலாம். ட்யூக் எலிங்டனின் குழு 1927 முதல் 1931 வரை வாசித்துப் புகழ்பெற்ற 'கொட்டன் கிளப்' ஹார்லெமின் நடுவே இருந்தது. மேடையில் இருந்தோர் கறுப்பர். மேசைகளில் இருந்தோர் வெள்ளையர். அயலிலே வாழ்ந்த கறுப்பின மக்கள் வாடிக்கையாளராக அங்கு அனுமதிக்கப்படுவதில்லை.

இச்சூழலில் வந்த ஆரன் டக்ளஸ் (1899–1979) 1934ஆம் ஆண்டிலே, ஹார்லெமின் 135ஆம் தெருப் பொதுநூலகத்திற்கென நான்கு பெருஞ் சித்திரங்களைத் தீட்டினார். பொருளாதார மந்தத்தின்போது கலைஞருக்கு வேலையளிக்க அரசு ஏற்படுத்திய திட்டமொன்றின் கீழ் அவை வரையப்பட்டன. ஆபிரிக்க வாழ்விலிருந்து தொடங்கி, அடிமைத்தனம், விடுதலை, தென்னாட்டு வாழ்வு ஆகியவற்றினூடாகச் செல்லும் அத்தொடரின் இறுதிச் சித்திரம் 'கோபுரங்களின் பாடல்' என்னும் பெயருடையது. அதிலே வானளாவிய கட்டடங்களின் நடுவே, பெரியதொரு பற்சக்கரத்தின் மீது நின்று ஒருவன் சக்சபோனை உயர்த்திப் பிடிக்கின்றான். கையிற் பெட்டியுடன் இன்னொருவன் அச்சக்கரத்தில் ஏறி ஓடுகின்றான். தொலைவிலே சுதந்திரச் சிலை சிறிதாகத் தெரிகின்றது.

இங்கே இசைக்கலைஞன் ஓவியத்தின் பொருளாகின்றான். ஆயினும் அது மட்டுமன்று. ஒரு மையத்திலிருந்து வட்டம் வட்டமாக ஒளிப்பட்டைகள் விரிந்து செல்கின்றன. குளத்தில் எறிந்த கல்லின் அலைபோல ஒலி பரவும் தோற்றத்தை அவை தருகின்றன. வட்டங்கள் உருவங்களைக் கடக்கும் இடந்தோறும் அவ்வுருவங்களின் நிறம் ஒரு படி மாறுகின்றது. ஒலி தொட்டவையெல்லாம் மாற்றமடைவதாக டக்ளஸ் காட்டுகிறார் எனக் கொள்ளலாம். பற்சக்கரம் அம்மனிதனைத் தாங்குகின்றதா, அன்றி நசுக்கப்போகின்றதா என்பது ஓவியத்திலே தீர்க்கப்படாத வினாவாகவே நிற்கின்றது. தொழில் நகரத்தை நம்பி வந்து, 1929இன் வீழ்ச்சியைக் கண்ட தலைமுறையின் வினா அது.

4

டக்ளஸ் இசைக்கலைஞனை வரைந்தார். அவன் உருவத்தை அறவே விடுத்து, இசையின் அமைப்பை மட்டும் வண்ணத்திற் கொணர முயன்றவர்களுள் முதன்மையானவர் ஸ்ரூவர்ட் டேவிஸ் (1892–1964). வெள்ளையரான இவர் இளமையிலேயே நியூவார்க் நகரின் மதுச்சாலைகளுக்குச் சென்று கறுப்பினப் பியானோக் கலைஞரின் ராக்டைம் இசையைக் கேட்டவர். 1913இல் ஐரோப்பிய நவீன ஓவியத்தை அமெரிக்காவுக்குப் பரவலாக அறிமுகஞ்செய்த 'ஆர்மரி' கண்காட்சியிலே தம் ஓவியங்களும் இடம்பெறப் பெற்றவர். பியானோக் கலைஞர் ஏர்ல் ஹைன்ஸ் மீது அவருக்கிருந்த மதிப்பு மிகப் பெரிது. 1952இல் பிறந்த தம் மகனுக்கு, ஹைன்ஸின் பெயரையும் மேளக் கலைஞர் ஜோர்ஜ் வெற்லிங்கின் பெயரையும் இணைத்து ஜோர்ஜ் ஏர்ல் எனப் பெயரிட்டார்.

டேவிஸின் 'ஸ்விங் நிலக்காட்சி' (1938) ஏறத்தாழ 2.2 மீற்றர் உயரமும் 4.4 மீற்றர் நீளமுங் கொண்ட சுவரோவியமாகும். கப்பல்களும் கயிறுகளும் பாய்மரங்களும் நிறைந்த துறைமுகமொன்றே அதன் தோற்றுவாய். ஆனால் பார்ப்போனின் கண் அவற்றைத் தனித்தனியே இனங்காணுமுன்னர் வண்ணங்களின் மோதலை உணர்ந்துவிடுகின்றது. மையப் பொருளென ஒன்றில்லை. மூலையிலுள்ள ஒரு சிறு நிறத்துண்டும் நடுவிலுள்ளதைப் போன்றே உரத்துப் பேசுகின்றது. மஞ்சள் முன்னே பாய, நீலம் பின்னே ஒதுங்க, கண் ஓரிடத்திற் தங்காது துள்ளிச் செல்கின்றது. எதிர்பாரா இடத்தில் விழும் தாள அழுத்தத்திற்கு நிகரானதோர் அனுபவம் இது. 1940இல் ஏழாம் அவனியூத் தெருவின் பெயரோடு அவர் தீட்டிய ஓர் ஓவியத்தில் ஆறு வண்ணங்களை மட்டுமே பயன்படுத்தினார். இசையாக்கத்தில் வாத்தியங்கள் பயன்படுமாறு அவ்வாறு வண்ணங்களையும் தாம் கையாண்டதாக அவரே விளக்கியுள்ளார். வாத்தியங்களைப் போன்று வண்ணங்களும் சில வேளை தனித்து ஒலித்தன. சில வேளை ஒன்றற்கொன்று விடை கூறின.

டேவிஸ் சமூகத்தினின்றும் ஒதுங்கிய அழகுவழிபாட்டாளர் அல்லர். 1930களிலே கலைஞர் தொழிற்சங்கத்தில் முனைப்பாக உழைத்தார். அதன் சார்பான 'ஆர்ட் ஃபிரண்ட்' சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தார். பாசிசத்தையும் போரையும் எதிர்த்துத் திரண்ட அமெரிக்கக் கலைஞர் காங்கிரஸின் பொறுப்புக்களை 1940இல் விலகும்வரை வகித்தார். எனினும், தொழிலாளரின் துயரத்தை நேரடியாகச் சித்திரிப்பதே முற்போக்கு ஓவியம் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. மின்னொளியும் விரைவும் புதிய ஓசைகளும் மனிதரின் புலன்களையே மாற்றிவிட்ட காலத்தில், பழைய காட்சியமைப்பைக் கொண்டு புதிய வாழ்வைக் கூறமுடியாது என்பது அவர் நிலைப்பாடு. இந்நிலைப்பாட்டிற்கு ஜாஸ் அவருக்குச் சான்றாக நின்றது. சாதாரண மக்களிடையே பிறந்து, சாதாரண மக்களால் விரும்பிக் கேட்கப்பட்ட ஓரிசை, உருவத்தில் மிகப் புதுமையானதாயும் இருந்ததல்லவா? புதுமையான உருவம் மக்களுக்கு எட்டாதது என்ற வாதம் இங்கே வலுவிழக்கின்றது.

ஆயினும் வரலாறு இரக்கமற்றது. 'ஸ்விங் நிலக்காட்சி' அரசாங்கக் கலைத் திட்டத்தின் கீழ், புறூக்லினில் அமைந்த வில்லியம்ஸ்பேர்க் வீடமைப்புத் திட்டத்திற்கென வரையப்பட்டது. ஆனால் அவ்வோவியம் அங்கு பொருத்தப்படவேயில்லை. இன்று அது இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்திலே உள்ளது. மக்களின் இசையிலிருந்து பெற்றதை மக்களின் குடியிருப்புக்கே திருப்பிக் கொடுக்கும் எண்ணம் ஈடேறாமற் போயிற்று.

5

டேவிஸ் இசைக்கலைஞரோடு பழகியவர். இதற்கு மாறாக, ஐரோப்பாவிலிருந்து வந்து முதுமையில் இவ்விசையின் புதிய வடிவமொன்றைக் கண்டடைந்தவர் டச்சு ஓவியர் பீற் மொண்ட்றியான் (1872–1944). வெண்தளத்திற் கறுப்புக் கோடுகளும் சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய மூலவண்ணங்களும் மட்டுமே கொண்ட அவரது ஓவியங்கள் பெயர்பெற்றவை. நடனத்தில் ஆர்வமிக்க அவர் 1927இலேயே ஜாஸையும் தமது ஓவியக் கொள்கையையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்; அதன்பின் 'ஃபொக்ஸ் ட்றொட்' என்ற நடனப் பெயரையே தம் ஓவியங்களிரண்டிற்கு இட்டார். போர் நெருங்கிய 1938இல் பாரிசை விட்டு இலண்டனுக்குச் சென்றார். அங்கே குண்டுவீச்சு நிகழவே 1940 ஒக்டோபரில் நியூ யோர்க்கை அடைந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. வந்திறங்கிய தொடக்கத்திலேயே நண்பரான ஓவியர் ஹரி ஹோல்ற்ஸ்மன் அவருக்குப் 'பூகி வூகி' இசைத்தட்டுக்களைப் போட்டுக்காட்டினார். மொண்ட்றியான் அவ்விசையில் ஆழ்ந்துபோனார்.

பூகி வூகி என்பது பியானோவில் வாசிக்கப்படும் புளூஸ் வகை. இடக்கை ஒரே அடித்தொடரை இடையறாது உருட்டிக்கொண்டிருக்க, வலக்கை அதன்மேல் சுதந்திரமாகத் துள்ளும். தென்னாட்டு மரம் வெட்டும் முகாம்களிலும் அவற்றை அண்டிய மதுச்சாலைகளிலும் வளர்ந்த இவ்விசையில் புகையிரதத்தின் ஓசை அடிக்கடி கேட்கும். அதன் பெருங்கலைஞரான மீட் லக்ஸ் லூயிசும் அல்பேர்ட் அம்மன்சும் சிக்காகோவில் வாடகைக்கார் ஓட்டிப் பிழைத்தவர்கள். 1938 டிசம்பரிலே நியூ யோர்க்கின் கார்னகி மண்டபத்தில் நிகழ்ந்த இசைவிழாவொன்றிலே, கன்சாஸ் நகரின் பீற் ஜோன்சனோடு இவர்கள் தோன்றிய பின்னரே அவ்விசை நாடளாவிய புகழடைந்தது.

மொண்ட்றியானின் 'புறோட்வே பூகி வூகி' (1942–43) 127 சென்ரிமீற்றர் பக்கமுடைய சதுர ஓவியம். நெடுங்காலம் அவர் ஓவியங்களைத் தாங்கி நின்ற கறுப்புக் கோடுகள் இதில் மறைந்துவிட்டன. அவற்றின் இடத்தை மஞ்சட் பட்டைகள் பெற்றுள்ளன. அப்பட்டைகளின் மேல் சிவப்பும் நீலமும் சாம்பலுமான சிறு சதுரங்கள் ஒழுங்கு போலத் தோன்றும் ஒழுங்கின்மையோடு இடம்பெறுகின்றன. நிலைக்குத்தாகவும் கிடையாகவும் ஓடும் பட்டைகளை இடக்கையின் இடையறாத உருட்டலோடும், சிறு சதுரங்களை வலக்கையின் துள்ளலோடும் ஒப்பிடலாம். தெருக்களும் சந்திகளும் வாகன விளக்குகளும் கொண்ட நகரத்தின் வரைபடமாகவும் அது தோன்றுகின்றது. பழைய ஓவியங்களிற் காணப்பட்ட அசைவற்ற சமநிலை இங்கே துடிப்பாக மாறியுள்ளது. இதற்குப் பின் அவர் தொடங்கிய 'வெற்றி பூகி வூகி' 1944 பெப்ருவரியில் அவர் இறந்தபோது நிறைவுறாதிருந்தது. வண்ண நாடாத் துண்டுகள் ஒட்டியவாறே உள்ள அவ்வோவியம் இன்று ஹேக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. பாசிசத்தின் வீழ்ச்சியை எதிர்நோக்கியதே அப்பெயரிலுள்ள வெற்றி என்பர்.

மெட்டினை உடைத்துத் தூய தாளத்தை வெளிக்கொணருதல் என்பதே பூகி வூகியில் மொண்ட்றியான் கண்ட சிறப்பு. இயற்கைத் தோற்றத்தை உடைத்துத் தூய உறவுகளை வெளிக்கொணரும் தமது ஓவியத்தோடு அதனை அவர் ஒப்பவைத்தார். இக்கேட்டல் ஆழமானது, அதிலிருந்து பிறந்த ஓவியம் மகத்தானது. அதேவேளை அக்கேட்டலில் விடுபட்டது எது என்பதையும் நாம் கூறுதல் வேண்டும். புளூஸ் துயரமும் நகைப்பும் கலந்து பேசும் மொழி. அதன் மெட்டிலே ஒரு மனிதக்குரல் உண்டு. மரம் வெட்டும் முகாமும் புகையிரதமும் வாடகைக்காரும் இவ்வோவியத்தில் இல்லை. உழைப்போரின் கதி நகரத்தின் கதியாகப் பொதுமை பெற்றுவிட்டது. இதனை ஓவியரின் குற்றமாகக் கூறுதல் பொருந்தாது. ஆயினும், உருவம் தன்னைப் பெற்றெடுத்தோரினின்றும் பிரிந்து செல்ல வல்லது என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று கிடைப்பதரிது.

6

இப்பிரிவினை வெல்லப்பட்ட இடமாக நாம் கருதுவது றோமெயர் பியர்டனின் (1911–1988) ஒட்டோவியங்களையாகும். வட கரோலினாவின் சார்லற் நகரிற் பிறந்து ஹார்லெமில் வளர்ந்த பியர்டனின் வீட்டிற்கு இசைக்கலைஞரும் எழுத்தாளரும் வந்துபோவது வழக்கம். 1940களில் அவர் வேலைத்தலம் அப்பலோ அரங்கின் கட்டடத்திலேயே இருந்தது. இளமையிற் கேலிச்சித்திரம் வரைந்தார்; ஜேர்மனியிலிருந்து வெளியேறி வந்த ஜோர்ஜ் குறொஸ்ஸிடம் ஓவியம் பயின்றார்; 1950களில் ஓவியத்தைக் கைவிட்டுச் சில காலம் பாடலும் இயற்றினார். 1930களின் இறுதி முதல் 1960களின் இறுதிவரை, இடையீடுகளோடு, நியூ யோர்க் நகரச் சமூக சேவைத் திணைக்களத்திலே பணிபுரிந்தே வாழ்க்கை நடத்தினார்.

அவருக்கும் டேவிஸுக்கும் ஏற்பட்ட பழக்கம் நமது பொருளுக்கு மிக முக்கியமானது. ஏர்ல் ஹைன்ஸின் பியானோ இசையைக் கேட்குமாறும், அதிலே சுரங்களைவிடச் சுரங்களுக்கிடையேயுள்ள இடைவெளியைக் கவனிக்குமாறும் டேவிஸ் அவருக்கு அறிவுரை கூறினார். பியர்டன் அவ்விசைத்தட்டுக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மெட்டு காதினின்றும் மறைந்து, மௌனங்கள் மட்டுமே கேட்கும் நிலையை அடையும்வரை கேட்டதாகப் பின்னர் நினைவுகூர்ந்தார். இவ்விடத்திலே வரலாற்றின் ஒரு விந்தையைக் காண்கின்றோம். ஹார்லெமிலே ஜாஸின் நடுவே வளர்ந்த கறுப்பின ஓவியனுக்கு, அவ்விசையை ஓவியனாகக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வெள்ளையர். அவ்வெள்ளையருக்கு அதனைக் கற்பித்தவர்களோ நியூவார்க் மதுச்சாலைகளின் பெயரறியாக் கறுப்பினக் கலைஞர்கள். கடன் சுற்றிவந்து உரியவரிடம் சேர்ந்தது எனலாம்.

1963இல், வாஷிங்டன் நகரை நோக்கிய மாபெரும் குடியுரிமைப் பேரணிக்கு ஆயத்தங்கள் நடந்த கோடையிலே, கறுப்பின ஓவியர் சிலர் பியர்டனின் வேலைத்தலத்திற் கூடி 'ஸ்பைரல்' என்னும் குழுவை அமைத்தனர். கறுப்பின ஓவியனின் பொறுப்பு யாது என்பதே அவர்கள் முன்னிருந்த வினா. சஞ்சிகைகளிலிருந்து வெட்டியெடுத்த படங்களைக் கொண்டு எல்லோருஞ் சேர்ந்து ஓர் ஒட்டோவியம் ஆக்கலாம் எனப் பியர்டன் முன்மொழிந்தார். ஏனையோர் அதில் ஆர்வங்கொள்ளாமையால் தாமே அதனைத் தொடர்ந்தார். அச்சிறு ஒட்டோவியங்களைப் புகைப்படப் பிரதி முறையாற் பெரிதாக்கி 1964இலே காட்சிக்கு வைத்தார். அதுவே அவர் கலைவாழ்வின் திருப்பமாயிற்று.

அவர் ஆக்கமுறை நுணுகி நோக்கத்தக்கது. 1969இல் 'லெயனார்டோ' என்னும் ஆய்விதழில் அதனை அவரே விளக்கியுள்ளார். முதலிலே, முழுத்தளத்தின் அளவோடு இயைபுடைய நீள்சதுர வண்ணத் தாள்களை ஒட்டுவார். தளம் சீரான பெருங்கட்டங்களாகப் பிரியும். இது இசையிலே அடிப்படைத் தாளம் போன்றது. அதன்மேற் புகைப்படத் துண்டுகளையும் வண்ணத் தாள்களையும் ஒட்டி, சிலவற்றைக் கிழித்தெடுத்து, மீண்டும் ஒட்டுவார். ஒரு நீலம் ஒரு மூலையில் தோன்றினால் அதற்கு மறுமொழியாக இன்னொரு மூலையில் ஒன்று தோன்றும். முடிவு முன்கூட்டியே தெரிந்ததன்று. ஒவ்வொரு துண்டும் முன்னையதைக் கேட்டு இடம்பெறுகின்றது. டச்சு ஓவியர் வெர்மீரின் அறைகளையும் சீன நிலக்காட்சி ஓவியத்தின் வெளியையும் பயின்றமை இதற்குத் துணைநின்றது. அழைப்பும் மறுமொழியும், மனோதர்மமும், இடைவெளியும் ஆகிய மூன்றும் இங்கே பொருளாக அன்றி, செய்முறையாகவே அமைந்துள்ளன.

அச்செய்முறையால் உருவாகும் மனிதரைக் காண்போம். ஒரு முகத்திலே ஒரு கண் ஒருவருடையது, மறுகண் இன்னொருவருடையது. மூக்கு ஆபிரிக்க முகமூடியொன்றின் பகுதி. கை முகத்தைவிடப் பெரியது. பருத்தி வயலிலும் சலவைத் தொட்டியிலும் கிற்றார் நரம்பிலும் உழைத்த அக்கைகளைச் சிறிதாக வரைவது உண்மைக்கு மாறாகும். துண்டுகளுக்கிடையே தெரியும் வெட்டுவாய் மறைக்கப்படுவதில்லை. ஆபிரிக்காவிலிருந்தும் பின்னர் தென்னாட்டிலிருந்தும் அறுத்தெடுக்கப்பட்டு நகரத்திலே மீண்டும் ஒட்டிக்கொண்ட மக்களின் வாழ்வை, வெட்டி ஒட்டும் செய்முறையே கூறிவிடுகின்றது. 1971இல் ஆக்கிய 'தெருக்கூறு' ஆறு பலகைகளாக ஏறத்தாழ 5.5 மீற்றர் நீளங்கொண்டது. ஹார்லெமின் லெனொக்ஸ் அவனியூவில், தேவாலயமும் முடிதிருத்தும் நிலையமும் மளிகைக் கடையும் நிறைந்த ஒரு தெருவரிசையை அது காட்டுகின்றது. முதலிற் காட்சிக்கு வைக்கப்பட்டபோது தெருவின் ஓசைகளும் ஒலிப்பதிவாக உடன் ஒலித்தன. 1975இல் வெளிவந்த 'புளூஸைப் பற்றி' என்ற தொடரில் நாட்டுப்புறப் பாடகரிலிருந்து நகர அரங்கின் பெருங்குழுக்கள் வரை இவ்விசையின் பயணம் முழுவதும் இடம்பெறுகின்றது. அத்தொடரின் 'கரோலினா ஷவுட்' பியானோக் கலைஞர் ஜேம்ஸ் பி. ஜோன்சன் 1921இல் இசைத்தட்டிற் பதிந்த இசையொன்றின் பெயரைத் தாங்கியது. ஆனால் அதிலே பியானோ இல்லை. கைகளை உயர்த்தி ஆவேசங்கொண்டு நிற்கும் வழிபாட்டாளரே உள்ளனர். இசையைக் கேட்ட ஓவியர், அவ்விசை எங்கிருந்து வந்ததோ அவ்விடத்தையே வரைந்துவிட்டார்.

7

ஜாஸோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஓவியங்கள் யாவும் ஜாஸைக் கேட்டதனால் விளைந்தவையல்ல. மத்தீஸ் 1947இல் 'ஜாஸ்' என்ற பெயரில் வெளியிட்ட புகழ்பெற்ற தொகுப்பின் இருபது படங்களும் பெரும்பாலும் சர்க்கஸையும் நாட்டார் கதைகளையும் பயண நினைவுகளையும் பொருளாகக் கொண்டவை. சர்க்கஸ் என்பதே முதலில் எண்ணிய பெயர். ஜாக்சன் பொலொக் ஜாஸ் இசைத்தட்டுக்களை நாட்கணக்கில் இடைவிடாது கேட்டவர் என்பர். ஆனால் அவர் விரும்பியது பழைய பாணி ஜாஸ். அவ்வோவியங்களை இசையின் பக்கம் திருப்பிக் கொணர்ந்தவர் கறுப்பின சக்சபோன் கலைஞர் ஓர்னெற் கோல்மன். 1961இல் வெளியான தமது 'ஃபிறீ ஜாஸ்' இசைத்தட்டின் உறையில் பொலொக்கின் 'வெண்ணொளி' ஓவியத்தை அவர் இடம்பெறச் செய்தார். கொடுத்தலும் பெறுதலும் ஒரு வழிப்பாதையன்று என்பதற்கு இது சான்று.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஓவியன் இசையிலிருந்து மூன்று வகையிற் பெற்றுக்கொள்ளலாம். இசைப்போரைப் பொருளாகப் பெறலாம். இசையின் அமைப்பை வண்ணத்திற் பெறலாம். இசை ஆக்கப்படும் முறையையே தன் ஆக்கமுறையாகப் பெறலாம். முதலாவதில் மட்டும் நின்றால் ஓவியம் விளக்கப்படமாகச் சுருங்கிவிடும் அபாயம் உண்டு; டக்ளஸ் தம் ஒளிவட்டங்களால் அதனைத் தவிர்த்தார். இரண்டாவதில் மட்டும் நின்றால் மக்கள் மறைந்துபோகும் அபாயம் உண்டு. மொண்ட்றியானின் மகத்தான ஓவியமும் அதற்கு விலக்கன்று. மூன்றும் ஒன்றிணைந்த பியர்டனிடத்திலேயே உருவமும் உள்ளடக்கமும் என்ற பிரிவினை பொருளற்றதாகின்றது. அவரிடம் உருவமே வரலாறு.

எனவே, உருவம் பற்றிப் பேசுதல் சமூகத்தை மறத்தலாகும் என அஞ்சவேண்டுவதில்லை. சமூகம் பற்றிப் பேசுவோர் உருவத்தைப் புறக்கணிக்கவும் இயலாது. கலையொன்றின் உருவத்தை நோக்கும் திறனாய்வாளன் அது அழகியதா, புதியதா என்று கேட்பதோடு அமையாது, அது யாருடைய உழைப்பிலே முதலில் உருவாயிற்று என்றும் கேட்கவேண்டும். ஹைன்ஸின் இரு சுரங்களுக்கிடையேயுள்ள மௌனம் வெறுமையன்று. ஒரு காலத்தில் அவ்விடத்திலே சம்மட்டி விழுந்தது.